ஆணி குத்திய டயர்: ஒட்டினால் போதுமா, மாற்றியே ஆகணுமா? பஞ்சர் கடையில் காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

சென்னை:

காலை 8 மணி ஷிப்டு. பாடி மேம்பாலம் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போகிற வழியில் வண்டியின் பின்பக்கம் லேசாக ஆடுகிற மாதிரி இருக்கிறது. ரோடுதான் சரியில்லை என்று நினைத்து இன்னும் அரை கிலோ மீட்டர் ஓட்டினால் ஆட்டம் அதிகமாகிறது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் தரையோடு தரையாகச் சப்பிக் கிடக்கிறது. நடுவில் ஒரு ஆணித்தலை பளபளவென்று மின்னுகிறது.

எந்த ஊரிலும் தினமும் காலையில் நடக்கிற கதைதான் இது. வேர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனால், கடைக்காரர் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டில் ஒன்று சொல்வார். "ஒட்டிடலாம் சார், பத்து நிமிஷம்" என்பார். இல்லாவிட்டால், "டயரே போச்சு சார், மாத்திடுங்க" என்பார்.

ஒட்டினால் ரூ.100, ரூ.150-ல் வேலை முடிந்துவிடும். மாற்றினால் சாதாரண 100 சி.சி. வண்டிக்கே ரூ.2 ஆயிரத்தை ஒட்டிப் போய்விடும். மாதக் கடைசி என்றால் சொல்லவே வேண்டாம். எப்படியாவது ஒட்டிக் கொடுங்க என்பதுதான் முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில். வேறு சிலர் பயந்துபோய், இன்னும் ஒரு வருஷம் ஓடக்கூடிய நல்ல டயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிடுகிறார்கள்.

ஒட்டக் கூடாத டயரை ஒட்டினால் உயிருக்கு ஆபத்து. மாற்ற வேண்டாத டயரை மாற்றினால் பைக்குக்குச் செலவு. ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரிசு, காற்று போன பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியது... இந்த மூன்றும் தெரிந்தால் முடிவை வண்டிக்காரரே எடுத்துவிடலாம். அடுத்தவர் சொல்வதை நம்பி நிற்க வேண்டியதில்லை.

நடுவிலா? ஓரத்திலா?

முதலில் பார்க்க வேண்டியது இடம். ரோட்டில் உருளுகிற பாகத்தில், அதாவது பட்டன் இருக்கிற நடுப்பகுதியில் ஆணி குத்தியிருந்தால் பெரும்பாலும் ஒட்டலாம். அங்கே ரப்பர் கனமாக இருக்கும்.

கம்பெனி பெயரும் சைஸும் எழுதியிருக்கிற பக்கவாட்டுச் சுவரில் ஓட்டை என்றால் ஒட்டுப் பேச்சுக்கே இடமில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும். ஏன் என்றால், அந்த இடத்தில் ரப்பர் மெல்லிசு. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்தச் சுவர் வளைந்து வளைந்து நிமிருகிறது. அங்கே வைக்கிற ஒட்டு நாளாக நாளாக ஆட்டம் கொடுத்துக் கழன்றுவிடும். அதோடு, டயருக்குள் இருக்கிற நைலான் நூல் அடுக்குதான் காற்றின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. சுவரில் கிழிசல் என்றால் அந்த நூல் அறுந்திருக்கும். ஒட்டு காற்றை நிறுத்தும். அறுந்த நூலை அது சேர்க்காது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சங்கடமான இடம் இருக்கிறது. பட்டன் முடிந்து சுவர் ஆரம்பிக்கிற தோள்பட்டைப் பகுதி. கார் டயரில் இந்த இடம் தரையைத் தொடுவது குறைவு. ஆனால் மோட்டார் சைக்கிளை வளைவில் சாய்த்து ஓட்டும்போது மொத்த எடையும் அந்த ஓரத்தில்தான் போய் உட்காருகிறது. "கொஞ்சம் ஓரமா இருக்கு, பரவாயில்ல, வெச்சிடலாம்" என்று சொன்னால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

அடுத்து, ஓட்டையின் அளவு. டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்கிற எல்லை 6 மில்லி மீட்டர். ஸ்கேல் தேட வேண்டாம். 10-ம் நம்பர் ஸ்பேனரில் கழற்றுகிற போல்ட்டின் தண்டு அந்தக் கனம்தான் இருக்கும். சாதாரண ஆணி, ஸ்குரு, செருப்பில் அடிக்கிற ஆணி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ரோட்டில் கிடக்கும் கம்பித் துண்டு, தகரம், உடைந்த பாட்டில் இவை போட்ட கிழிசல் அடங்காது. ஆணி குத்தினால் உருண்டையாக ஓட்டை விழும். தகரம் கீறினால் வெட்டாக விழும். வெட்டு சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே நீளமாகப் போயிருக்கும். வெட்டுக்குள் நூல் தெரிந்தால் அந்த டயர் முடிந்தது என்று அர்த்தம்.

ஆணியை உடனே பிடுங்காதீங்க

டியூப்லெஸ் டயர் என்றால், ஆணியைப் பார்த்த உடனே கையால் பிடுங்கிப் போடுவது பெரிய தப்பு. ஆணி அந்த ஓட்டையை அதுவே அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று மெதுவாகத்தான் இறங்கும். சில பேருக்கு ஆணி ஏறி இரண்டு நாள் கழித்துத்தான் விஷயமே தெரியும். பிடுங்கினால் அடுத்த நிமிஷமே டயர் காலி. பக்கத்தில் பெட்ரோல் பங்க் இருந்தால் ஆணியோடு அப்படியே காற்று அடித்துக்கொண்டு, மெதுவாகக் கடை வரை போய்விடலாம்.

டியூப் வண்டியில் இந்த வசதி கிடையாது. ஆணி டியூப்பைத் தொட்ட உடனே பெரும்பாலும் மொத்தக் காற்றும் வெளியே ஓடிவிடும். வண்டியில் எது இருக்கிறது என்று தெரியாதவர்கள் சக்கரத்தைப் பார்த்தால் போதும். கம்பி வைத்த சக்கரம் என்றால் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும். அலாய் சக்கரம் என்றால் பெரும்பாலும் டியூப்லெஸ். சந்தேகம் இருந்தால் டயரின் சுவரிலேயே டியூப் டைப், டியூப்லெஸ் என்று ஆங்கிலத்தில் அச்சாகி இருக்கும்.

காற்று இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்?

பலரும் கோட்டை விடுகிற இடம் இதுதான். ஆணி போட்ட ஓட்டை ரூ.100-ல் சரியாகிவிடும். ஆனால் காற்று இல்லாமல் வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு கிலோ மீட்டர், இரண்டு கிலோ மீட்டர் ஓட்டிவந்தால், நல்ல டயரும் அந்தத் தூரத்திலேயே செத்துப்போகலாம்.

காற்று இல்லாத டயரில் ஆளின் எடையும் வண்டியின் எடையும் சேர்ந்து பக்கச் சுவரை இரண்டாக மடிக்கிறது. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் அது நசுங்குகிறது. உள்பக்கம் ரப்பரோடு ரப்பர் உரசிச் சூடாகிறது. உள்ளே இருக்கிற நூல் ஒவ்வொன்றாக விட்டுப்போகிறது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. காற்று அடித்தால் கும்மென்று நிற்கும். ஆள் சந்தோஷமாகப் போய்விடுவார். ஒரு வாரம் கழித்து நல்ல வெயிலில், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது சுவர் முட்டை மாதிரி வீங்கும். இல்லாவிட்டால் ஒரேயடியாக வெடிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, டயரை ரிம்மில் இருந்து கழற்றி உள்ளே பார்ப்பதுதான். உள்ளே கறுப்பாக ரப்பர் தூள் உதிர்ந்து கிடந்தாலோ, சுவரைச் சுற்றி வளையம் வளையமாகத் தேய்ந்த தடம் இருந்தாலோ, விரல் வைத்துத் தடவினால் சுருக்கம் தட்டுப்பட்டாலோ, அந்த டயரை ஒட்டவே கூடாது. ஓட்டை குண்டூசி அளவு இருந்தாலும் சரி.

இதனால்தான் பஞ்சர் ஆன வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். தள்ளுவது கஷ்டம்தான். நடுரோட்டில் மானம் போகிற மாதிரி இருக்கும். ஆனால் ஏறி உட்காராமல் தள்ளினால் டயர் பிழைக்கும். இப்போது பல ஊர்களில் போன் செய்தால் பஞ்சர் கடைக்காரரே வண்டி நிற்கிற இடத்துக்கு வந்து ஒட்டித் தருகிறார். கூடக் கொஞ்சம் காசு கேட்பார்கள். ரூ.2 ஆயிரம் டயரோடு ஒப்பிட்டால் அது பெரிய காசு இல்லை.

குச்சி ஒட்டு எவ்வளவு நாள் தாங்கும்?

டியூப்லெஸ் டயருக்கு ரோட்டோரக் கடைகளில் செய்கிற வேலை பத்து நிமிஷ வேலைதான். ஆணியைப் பிடுங்கி, முறுக்கு வைத்த கம்பியால் ஓட்டையை உள்ளே வெளியே இழுத்துச் சுரண்டி, பசை தடவிய ரப்பர் திரியை ஊசியில் கோர்த்துக் குத்தி இழுத்து, மிச்சத்தை பிளேடால் வெட்டிவிடுவார்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ரோட்டில் மாட்டிக்கொண்டவருக்கு இதைவிட வசதியான வேலை கிடையாது.

ஆனால் டயர் கம்பெனிகள் இதைத் தற்காலிக வேலையாகத்தான் பார்க்கின்றன. அவர்கள் நிரந்தரம் என்று சொல்வது வேறு வேலை. டயரைக் கழற்றி, உள்பக்கம் சோதித்து, குடை மாதிரி தலையும் தண்டும் உள்ள ரப்பரை உள்ளே இருந்து வெளியே இழுத்து, தலையை உள் சுவரில் பசை போட்டு ஒட்ட வேண்டும். தண்டு ஓட்டையை அடைக்கும், தலை காற்றைத் தடுக்கும். இந்த வேலையை எல்லாக் கடையும் செய்வதில்லை. மிஷின் வைத்துக் கழற்றுகிற டயர் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். இப்படி உள்ளே ஒட்டிய டயரைக்கூட முதல் 24 மணி நேரம் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று எச்சரிக்கிற கம்பெனிகள் உண்டு.

அப்படியென்றால் திரி வைத்தது எல்லாம் வீணா என்றால், அதுவும் இல்லை. நடுப்பகுதியில், சின்ன ஓட்டையில், நல்லபடி வைத்த திரி ஊருக்குள் 40, 50 வேகத்தில் போகிற வண்டியில் டயர் தேய்கிற வரைக்கும் நிற்பதும் உண்டு. சுரண்டும்போது ஓட்டையைப் பெரிசாக்கி நூலை அறுத்துவிடுகிற கைதான் பிரச்சினை. வைத்து முடித்த பிறகு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவசரத்தில் எச்சில் தொட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். குமிழி வந்தால் வேலை சரியில்லை.

ஒரே இடத்தில் ஒரு திரி பத்தவில்லை என்று இரண்டு, மூன்று என்று திணிக்கிறார்கள் என்றால் அது ஒட்டுகிற அளவு ஓட்டை இல்லை. ஒரு ஒட்டை இன்னொரு ஒட்டு தொடவும் கூடாது.

பஞ்சர் ஆகாமல் இருக்க டயருக்குள் ஊற்றுகிற திரவம் இப்போது நிறைய விற்கிறது. அதை ஊற்றியிருந்தால் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளே அந்தப் பிசின் இருந்தால் துடைத்துச் சுத்தம் செய்யாமல் எந்த ஒட்டும் பிடிக்காது.

டியூப் சொல்லும் ரகசியம்

கம்பிச் சக்கர வண்டிகள் இன்னும் லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பஞ்சர் கடை என்றாலே மலையாளி கடை என்று பேச்சு இருந்தது. டயரைக் கழற்றி, டியூப்பை உருவி, காற்று அடித்துத் தண்ணித் தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தில் குச்சியால் குறி வைத்து, சுரண்டி, சொல்யூஷன் தடவி, காயவிட்டு ஒட்டுகிற வேலையை இன்றும் பார்க்கலாம். அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டிய இடம் அந்தக் காயவிடுகிற இடம்தான். ஈரத்தோடு ஒட்டினால் நாளைக்கே மறுபடி வரணும்.

டியூப்பில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். ரோட்டைப் பார்த்த பக்கம் ஓட்டை என்றால் ஆணி, முள். அந்த ஆணி இன்னும் டயரில் குத்திக்கொண்டு நிற்கலாம். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்காமல் புது டியூப்பைப் போட்டால் அதுவும் பத்து நிமிஷத்தில் பஞ்சர். தடவுகிறவர் விரல் பத்திரம், துணி சுற்றிக்கொள்வது நல்லது.

ரிம்மைப் பார்த்த பக்கம் ஓட்டை என்றால் ரோட்டின் மேல் தப்பு இல்லை. ரிம்மின் மேல் போடுகிற ரப்பர் பட்டை நைந்துபோய், கம்பியின் முனையோ துருவோ டியூப்பைக் குத்தியிருக்கும். டியூப்பை மட்டும் ஒட்டிப் போட்டால் மாதம் இரண்டு தடவை கடைக்கு வர வேண்டியதுதான். அந்தப் பட்டையை மாற்றினால் தீர்ந்தது.

பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால்? காற்று குறைவாக வைத்துக்கொண்டு பள்ளத்தில் விட்டிருக்கிறார்கள். ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் டியூப் மாட்டி நசுங்கியிருக்கிறது. ஒட்டலாம், ஆனால் ரிம் நெளிந்திருக்கிறதா, டயரின் சுவரில் அடி விழுந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

வால்வு அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, டியூப்பை மாற்ற வேண்டும். காற்று குறைவாக ஓட்டும்போது டயரும் டியூப்பும் ரிம்மில் வழுக்கி நகரும். வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு சாயும். வால்வு நேராக நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற வண்டியைப் பார்த்தால், அடுத்த பஞ்சர் எங்கே என்று இப்போதே சொல்லிவிடலாம்.

ஏற்கனவே நாலைந்து ஒட்டு வாங்கிய டியூப்புக்கு மறுபடியும் காசு கொடுப்பதில் அர்த்தம் இல்லை. டியூப்பின் விலை டயர் விலையில் சின்னப் பங்குதான். டியூப் வண்டியில் டயரைக் காப்பாற்றி டியூப்பை மட்டும் மாற்றுகிற வழி இருக்கிறது என்பதே பலருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வருவதில்லை.

இதில் ஒரு குறுக்கு வழியும் நடக்கிறது. டியூப்லெஸ் டயரில் ஒட்டு நிற்காவிட்டால், "உள்ளே ஒரு டியூப்பை போட்டுடலாம், இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்பார்கள். ரோட்டில் நிற்கிறவர் வீடு போய்ச் சேர அது உதவும். ஆனால் ஆறு மாசத்துக்கு அதையே நம்பக் கூடாது. சுவர் கிழிந்த டயருக்குள் டியூப்பைப் போட்டால் கிழிசல் அப்படியேதான் இருக்கிறது. டியூப் அந்த வழியாகப் பிதுங்கும். அடுத்த ஆணிக்குக் காற்று மெதுவாக இறங்காது, ஒரேயடியாகப் போகும். உள்ளே சூடும் கூடும்.

பட்டன் போன டயருக்கு ஒட்டு எதற்கு?

ஓட்டை நடுவில்தான், சின்னதுதான். ஆனால் டயர் மொட்டையாக இருக்கிறது என்றால் ஒட்டுக்குச் செலவு செய்வது வீண். டயரின் சுவரில் ஆங்கிலத்தில் டி.டபிள்யூ.ஐ. என்று மூன்று எழுத்தோ, சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராக மேலே பள்ளத்துக்குள் பார்த்தால் குட்டி மேடு ஒன்று தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. தேய்ந்த டயரில் ரப்பர் மெல்லிசு என்பதால் முன்பு வெளியே நின்ற கல்லும் ஆணியும் இப்போது உள்ளே போகும். மாதத்தில் மூன்று பஞ்சர் என்றால் ஆணியைத் திட்டுவதற்கு முன் பட்டனைப் பார்க்க வேண்டும். மழை நாளில் பிரேக் பிடித்தால் வழுக்குவது தனி ஆபத்து. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 94-வது விதியே டயரின் நிலைமை பற்றித்தான் பேசுகிறது.

வயசும் பார்க்க வேண்டும். சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2322 என்று இருந்தால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். 5 வருஷம் தாண்டினால் அடிக்கடி சோதிக்க வேண்டும், 10 வருஷம் ஆனால் பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்கின்றன சில கம்பெனிகள். வெயிலிலேயே நிற்கிற வண்டியில் அதற்கு முன்பே சுவரில் முடி மாதிரி வெடிப்பு ஓடும். அந்த வெடிப்பு வந்த டயருக்கு ஒட்டு வேண்டாம்.

முன் டயர் என்றால் கணக்கே வேறு. பின் டயர் திடீரென்று போனால் வண்டி வாலை ஆட்டும், பல பேர் சமாளித்து நிறுத்திவிடுவார்கள். முன் டயர் போனால் ஹேண்டில் கையில் நிற்காது. பின்னால் ஒட்டி ஓட்டலாமா என்று யோசிக்கிற அதே ஓட்டை முன்னால் இருந்தால் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

யார் ஓட்டுகிறார், எங்கே போகிறார் என்பதும் கணக்கில் சேரும். வீட்டில் இருந்து மார்க்கெட்டுக்கு மூன்று கிலோ மீட்டர் போகிறவருக்கு ஒட்டு போதும். பொங்கலுக்கு மனைவியையும் குழந்தையையும் உட்காரவைத்து, பையையும் கட்டிக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் திண்டிவனம் தாண்டி ஊருக்குப் போகிறவர், சந்தேகமான ஒட்டை நம்பிக் கிளம்பக் கூடாது. எடை அதிகம், வேகம் அதிகம், சூடு அதிகம். சாப்பாடு டெலிவரி செய்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி. வண்டி நின்றால் அன்றைக்கு வருமானம் இல்லை. ஒட்டிக்கொண்டே ஓடினால் வாரத்துக்கு இரண்டு தடவை ஆர்டர் கையில் இருக்கும்போது நிற்க வேண்டியிருக்கிறது. மூன்று மாதப் பஞ்சர் காசைக் கூட்டிப் பார்த்தால் புது டயர் விலையையே தாண்டிவிடும்.

புது டயர் வாங்கும்போது...

டயருக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனிதான் இன்றைய எம்.ஆர்.எப். மதுரை பக்கம் மேலூர் ரோட்டில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா தொழிற்சாலை இரு சக்கர வண்டி டயர் செய்கிறது. எந்தக் கம்பெனி என்பதைவிட, வண்டிக்குச் சரியான சைஸா என்பதுதான் முக்கியம். 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் 80/100-18, ஸ்கூட்டர்களின் பின்பக்கம் 90/100-10 என்று இருக்கும். அதன் பக்கத்தில் 54பி என்று இருந்தால் 54 என்பது 212 கிலோ எடை தாங்கும், பி என்ற ஆங்கில எழுத்து 150 கி.மீ. வேகம் வரை தாங்கும் என்று அர்த்தம். பழைய டயரில் இருந்த எண்ணைவிடக் குறைந்த எண்ணில் வாங்கக் கூடாது. பார்க்க ஜம்மென்று இருக்கும் என்று அகலமான டயரைப் போட்டால் செயின் கவரில் உரசும், மைலேஜும் அடிவாங்கும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அந்த நாலு இலக்கத் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை பக்கம் போனால் எல்லா விலையிலும் டயர் கிடைக்கும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பழைய டயரை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேய்ந்த டயரில் கத்தியால் பள்ளம் வெட்டி, கறுப்பு பாலிஷ் போட்டால் பட்டன் புதுசு மாதிரியே தெரியும். வெட்டிய பள்ளத்தின் அடியில் நூலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ரப்பரே இருக்காது. அந்தக் குட்டி மேடு பள்ளத்துக்குள் தெரியாவிட்டால் காசை எடுக்காமல் திரும்பி வந்துவிடலாம்.

டயரை மாற்றும்போது டியூப் வண்டி என்றால் டியூப்பையும் புதுசாகவே போடுவது நல்லது. பழைய டியூப் இழுபட்டு விரிந்திருக்கும், புது டயருக்குள் மடிந்து உட்காரும். டியூப்லெஸ் என்றால் வால்வையும் மாற்றச் சொல்லலாம்.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு விஷயம். சில வண்டிகளில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழற்ற ஒயரைப் பிரிக்க வேண்டும். பழக்கம் இல்லாத கடையில் சக்கரத்தைக் கழற்ற விடாமல், திரி மட்டும் வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போவது பாதுகாப்பு.

கடையை விட்டுக் கிளம்பும் முன்...

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய வண்டி என்றால், ஏறி உட்கார்ந்த உடனே ஆக்சிலரேட்டரை முறுக்கக் கூடாது. டயரின் சுவரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுற்றுகிற திசையைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்ற பல வண்டிகளில் பிரேக் ராடு நட்டைக் கழற்றியிருப்பார்கள். அதை மறுபடி சரியாக முடுக்கினார்களா, பிரேக்கை மிதித்தால் பிடிக்கிறதா, செயின் தளர்ந்து தொங்குகிறதா, அச்சு நட்டு இறுக்கமாக இருக்கிறதா... இத்தனையும் கடை வாசலிலேயே பார்த்துவிட வேண்டும். பஞ்சர் ஒட்டிவிட்டு முதல் சிக்னலில் பிரேக் இல்லாமல் முன் வண்டியில் போய் மோதினால் யாரைக் குறை சொல்வது?

காற்றை அளவுகோல் வைத்து அடிக்கச் சொல்ல வேண்டும். கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பது அளவு இல்லை. 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் முன்பக்கம் 25, தனியாகப் போனால் பின்பக்கம் 28 என்று இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் இன்னும் கூட வேண்டும். சரியான எண் வண்டியோடு கொடுத்த புத்தகத்திலும், சில வண்டிகளில் செயின் கவரில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கிறது. புது டயர் என்றால் முதல் 150 கி.மீ. வரை மேல்பாகம் வழவழவென்று இருக்கும், வளைவில் சாய்க்காமல் மெதுவாக ஓட்ட வேண்டும்.

ஒட்டிய டயரை மறுநாள் காலையில் வண்டி எடுக்கும் முன் மறுபடி ஒரு தடவை காற்று பார்க்க வேண்டும். இரவு அடித்த காற்று அப்படியே இருந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. 4, 5 குறைந்திருந்தால் அதே கடைக்குப் போய்த் தண்ணியில் முக்கச் சொல்லலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் அதற்குக் காசு கேட்பதில்லை.